வடக்கு உத்திர வீதியின் நாக்கு

1956ஆம் வருஷம், கண்ணன் பிறந்த ஸ்ரீஜயந்திக்கு மறுநாள் காலை, ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா சௌரிராஜன் சீடையோடு சேர்த்துத் தன் கன்னத்தின் உட்பக்கத்தையும் கடித்துக்கொண்டபோது, ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் இருந்த அத்தனை பேர் வாயிலும் ரத்தம் கரித்தது. தெருமுனையைத் தாண்டிப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தால் மறுபடி கரித்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு, ஈறு ஏதோ பழுது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சௌரிராஜனின் மனைவி கமலவல்லி திருவெள்ளறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சீடை அவள் பொரித்தது. கல்லாகிவிட்டது என்று அவளுக்கே தெரியும். அதனால் கணவரை முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியை மடித்துப் புண்ணின்மேல் வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கடைவாய்ப் பல் ஒன்று மூலை உடைந்து கூராக நிற்பதையும் அப்போதுதான் பார்த்தாள். பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக் கொப்புளிக்கக் கொடுத்தாள். அந்த நிமிஷம் தெருவில் எல்லார் வீட்டுக் காப்பியும் உப்பாகிவிட்டது. பழி பால்காரர் பிச்சைமுத்துவின் மேல் விழுந்தது. "உங்க கண்ணு முன்னாடிதானே சாமி கறந்தேன், உப்பை எங்கேருந்து போடுவேன்?" என்று சொல்லிக்கொண்டே அவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

சாயங்காலம் மறுபடி கரித்தபோது எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் கோபு, சௌரிராஜன் செம்பும் கையுமாக முற்றத்தில் நிற்பதைக் கவனித்துவிட்டார். வெறும் தண்ணீரில் ஒரு தடவை, உப்புத் தண்ணீரில் ஒரு தடவை கொப்புளிக்கச் சொல்லி நிச்சயப்படுத்திக்கொண்டு, அந்தப் புண்ணில் படுவதெல்லாம் நமக்கும் ருசிக்கிறது என்று தெருவுக்குச் சொன்னார். தெரு அதைப் பெரிதுபடுத்தவில்லை. சாத்தமுது ரசத்தை உப்புப் போடாமல் கொதிக்கவிட்டு, சௌரிராஜன் வீட்டில் செம்புச் சத்தம் கேட்டதும் இலையில் உட்காரப் பழகிக்கொண்டார்கள். காரமும் புளியும் புண்ணுக்கு ஆகாதென்று கமலவல்லி மோர்சாதமாகப் போட்டதில், தெருவில் வத்தக்குழம்பு சாப்பிட்டவர்களுக்கும் மோர்தான் தெரிந்தது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

புண் வெள்ளை கட்டி ஆறத் தொடங்கிய பின் அவள் அதில் தேன் தடவினாள். சற்று நேரத்தில் கோபுவின் மனைவி குமுதவல்லி தெருவைக் கடந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். டைபாய்டு ஜுரம் வந்து பிழைத்ததிலிருந்து குமுதவல்லிக்கு நாக்கில் ருசியே கிடையாது. கைக்கணக்கில் உப்புப் போட்டுச் சமைப்பாள். கூடக்குறைய இருந்தாலும் கோபு வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"தேனா வெச்சே?" என்றாள்.

"ஆமாம் மாமி. உங்களுக்கும் தித்திக்கறதா?"

குமுதவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல ரத்தம் தெரிஞ்சுது. அப்புறம் உப்பு. ஆத்துல அவர்கிட்டக்கூடச் சொல்லலை. சொன்னா போயிடுமோன்னு பயம்."

புண் ஆறினால் அந்த ருசி போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் புரிந்திருந்தது. ஆற்றிக்கொண்டிருந்தவள் கமலவல்லி. அன்று பரிமாறும்போது கணவரிடம் சொன்னாள். அவர் நாக்கால் கன்னத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூடலை. மாமிக்கு என்ன வேணும்னு கேளேன்," என்றார். கேட்டதற்குக் குமுதவல்லி வெட்கப்பட்டுக்கொண்டு, "மாவடு," என்றாள். உடனே, "வேண்டாம்டி, எரியும் அவருக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதற்குள் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டிருந்த கோபு, மாவடுக் காரம் வரப்போகிறது என்று தெருவெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார். எதிரெதிர் வீடுகளில் இரண்டு இலைகள் விழுந்தன; இரண்டிலும் தயிர்சாதம், மாவடு. சௌரிராஜன் புண் இருந்த பக்கமாக ஒதுக்கி நன்றாகக் கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கமலவல்லி பானைத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கடுகும் மிளகாயும் உப்பும் சுரீரென்று ஏறின. எதிர்வீட்டிலிருந்து குமுதவல்லி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு இப்படி இருக்கும் என்று கமலவல்லிக்கு அதுவரை தெரியாது. பிறகு கோபு தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தார். "இன்னொண்ணு முடியுமான்னு கேக்கறா," என்றார். சௌரிராஜன் இன்னொன்றும் கடித்தார்.

மாவடு பட்ட புண் சிவந்துவிட்டது. கமலவல்லி மறுபடி உப்புத் தண்ணீரில் தொடங்கி, மணத்தக்காளிக் கீரையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அந்தக் கசப்பைத் தெரு முணுமுணுக்காமல் விழுங்கியது. புண் மூடியது. அவரவர் நாக்கு அவரவருக்குத் திரும்பியது. குமுதவல்லியின் நாக்கும் முன்போலவே மரத்துப்போயிற்று. அவள் பழையபடி கைக்கணக்கில் உப்புப் போட்டாள். கமலவல்லிதான் எதிர்வீட்டைப் பார்க்காமல் கோலம் போட்டாள்.

உடைந்த பல்லை அப்படியே விட்டால் மறுபடி கிழிக்கும் என்று அவளே கணவரை டவுன் பஸ்ஸில் ஏற்றித் திருச்சித் தெப்பக்குளத்துப் பக்கம் பல் டாக்டர் ஸ்தனிஸ்லாஸிடம் அழைத்துப் போனாள். டாக்டர் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு ராவு ராவினா சரியாப் போயிடும். இல்லேன்னா கடிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க," என்று அரத்தைக் கையில் எடுத்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடியே சௌரிராஜன் மனைவியைப் பார்த்தார். அவள் அரத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேண்டாம் டாக்டர். நாங்க போயிட்டு வரோம்," என்றாள்.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறும்போது ஆறு இரு கரையும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவள் மடியிலிருந்த பூப்பொட்டலத்தைச் சௌரிராஜன் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வருஷத்துக்கு ஓரிரு தடவை அவர் கன்னத்தைக் கடித்துக்கொண்டார். வேண்டுமென்றே கடிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள், அவர் மறுக்கவில்லை. ஒரு நாளாவது உப்புத் தண்ணீர் கொப்புளித்த பின்தான் மற்றதெல்லாம் என்பதில் மட்டும் கமலவல்லி கண்டிப்பாக இருந்தாள். ஒரு வருஷம் குமுதவல்லி நெல்லிக்காய் கேட்டாள், ஒரு வருஷம் திருக்கண்ணமுதுப் பாயசம். சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் வெறும் சாதமும் நெய்யும் போதும் என்றாள். கமலவல்லிக்குப் பெண் பிறந்தது. குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே அப்பா வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் வாயைச் சப்புக்கொட்டும். அறுபதுகளில் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சொல்லிவிடுவார்கள். யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் சித்திரை வீதியில் வீடு பார்த்துக்கொண்டார்கள்.