உள்நாக்கில் காய்த்த திராட்சை

வானொலியில் செய்தி வாசிப்பவளின் உள்நாக்கு இருந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஒரு பச்சைத் திராட்சை காய்த்திருந்தது. அவள் கொட்டாவி விட்டபோது கணவர்தான் முதலில் பார்த்தார். அவர் மருத்துவ அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துபவர். ஒரு குறி தவறினாலும் சாப்பாடு இறங்காது என்பதால் அங்கே அவருக்குப் பெயரே கால்புள்ளி. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அலுவலக விதி. கூட்டாளி விடுப்பில் இருந்ததால் முந்தின நாள் மாலை அச்சுப்படியை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியை வாசிக்க வைத்திருந்தார். "உள்நாக்கு: அண்ணத்தின் பின்முனையில் தொங்கும் சதை. மருத்துவப் பெயர் யூவுலா. லத்தீனில் அதன் பொருள், சிறிய திராட்சை." அவள் குரலில் வந்த எதையும் ஊர் சந்தேகித்ததில்லை, தொண்டையும் சந்தேகிக்கவில்லை.

வியாழக்கிழமை அது கறுக்கத் தொடங்கியது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "வெட்டலாம், ஆனா பேச்சு மூக்கால வரும். விட்டா பழுத்துத் தானா விழும். மூச்சு இழுக்கறப்ப விழுந்தா அடைச்சுக்கும்."

"விதையில்லாத ரகமா டாக்டர்?" என்றாள் அவள். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அகராதியின் அந்தப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். அவர் தலைமைப் பதிப்பாசிரியரிடம் ஓடினார்.

"அந்த லத்தீன் வரிய எடுத்துடலாம் சார்."

"ஏன், தப்பா?"

"சரிதான் சார்."

"சரியா இருக்கறத அடிக்கவா சம்பளம், கால்புள்ளி?"

இருக்கைக்குத் திரும்பி, யாரையும் கேட்காமல், அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். மேசை வானொலியில் அவள் ஒரு மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். கோடு கடைசி எழுத்தைத் தாண்டியதும் அணையின் நீர்மட்டச் செய்தி மூக்கால் வரத் தொடங்கியது. பக்கம் அமைப்பவர்கள் சிரித்தார்கள். திராட்சையை மட்டுமல்ல, அங்கே தொங்குவதற்கு இருந்த ஒன்றையே அடித்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அடித்ததை மீட்கும் குறியாக, அந்தச் சொற்களின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதினார். அந்தத் தொழிலில் அதற்கு மேல் முறையீடு கிடையாது. குரல் திரும்பியது. நான்கு வாக்கியம் வாசித்தாள். பிறகு வானொலியில் அவள் குரல் நின்றுபோனது. பதினொரு நொடி. யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். வானொலியில் அவள் விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"மன்னிக்கவும்," என்றாள். "அடுத்து வானிலை."

"ரெண்டு விதை இருந்துச்சுங்க," என்றாள் மாலையில் வந்ததும். பழம் விட்ட இடத்தில் புதிதாக ஒரு பிஞ்சு இருந்தது. அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை அது பழுத்தது. வானொலி நிலையம் அந்த வாரம் அவளுக்கு விடுப்புக் கொடுத்தது. அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வரியோடு ஒரு குறிப்பு கூடியது: பழுக்கும் மாதம், மார்ச். தலைமைப் பதிப்பாசிரியர் "சரியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.