பதுளை போதும்

என் கணவர் மற்றவர்களுக்குச் சொன்ன புத்திமதிகளில் முழுசாகப் பலித்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் நல்ல மனதோடு சொல்லவில்லை.

அவர் பெயர் இரகுநாதன். பதுளையில் கல்விக் கந்தோரில் அதிகாரி. நான் விஜிதா. இதே ஊரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். இரண்டு பேரும் யாழ்ப்பாணம். வேலைக்கென்று வந்து இந்த மலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டோம். இருந்தும் இவர் இன்னமும் பதுளையை ஒரு பஸ் ஸ்டாண்ட் போலத்தான் பார்க்கிறார். அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிடுவாராம்.

எங்களுக்கு ஒரே மகள், வதனி. பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். பக்கத்து இருக்கை நிலுக்ஷி. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அந்தோனிமுத்துவின் மகள். வகுப்பில் வதனி முதலாம் பிள்ளை, நிலுக்ஷி இரண்டாம் பிள்ளை. சில தவணைகளில் மாறியும் வரும். மாறி வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் இவருக்குச் சோறு இறங்காது.

அப்படி மாறி வந்த ஒரு தவணை முடிந்த கையோடு முடிவெடுத்துவிட்டார்.

“இஞ்சை படிச்சு ஆர் டொக்டரானது? பிள்ளையை ஊருக்கு அனுப்புவம். தங்கச்சி வீட்டிலை நிண்டு படிக்கட்டும்.”

“நான் படிப்பிச்ச பிள்ளையள் கம்பசுக்குப் போகேல்லையோ?” என்று கேட்டேன்.

“உம்மடை பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் பாஸ் பண்ணுறது வேற, எங்கடை பிள்ளை டொக்டராகிறது வேற.”

கட்டின பெண்சாதி ஆசிரியை. அவளுடைய வகுப்பில் தன் பிள்ளை இருந்தால் உருப்படாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மனுஷன். நான் அன்றைக்குப் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். என்ன பிரயோசனம்? தை மாதம் வதனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டாள்.

அவள் போவதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் அந்தோனிமுத்து வந்தார். பை நிறையத் தோட்டத்துப் பட்டர் புரூட். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். கதவடியில் நின்றபடியே கேட்டார்.

“ஐயா, வதனி பாப்பாவ யாழ்ப்பாணம் அனுப்புறீங்களாமே. எங்க நிலுக்ஷியையும் அங்கிட்டு சிஸ்டர்மார் ஹாஸ்டல்ல விட்டுப் படிக்க வச்சா என்னங்க? ஃபாதர் லெட்டர் தாறேன்னு சொல்லியிருக்காரு. ஐயா சரின்னா அனுப்பிடுறேன்.”

இவர் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அந்தோனிமுத்து, விரலுக்குத் தக்க வீக்கம் வேணும். யாழ்ப்பாணத்துப் போட்டி உங்கடை பிள்ளையளுக்குச் சரிவராது. உங்களுக்குப் பதுளை போதும்.”

“சரிங்க ஐயா,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அந்தோனிமுத்து. அவர் படி இறங்கியதும் இவர் சிரித்தார். “கணக்கப்பிள்ளையின்ரை மகளும் டொக்டராம், கதையைப் பாருமன்.” அந்த மனுஷன் கொண்டுவந்த பழத்துக்காவது மரியாதை தரக்கூடாதா என்று கேட்டேன். பழத்தை மட்டும் சீனி போட்டுச் சாப்பிட்டார்.

இந்த நாட்டில் உயர்தரம் எழுதுகிற எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மருத்துவ பீடத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளி. பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எந்த மாவட்டமோ, பிள்ளையும் அந்த மாவட்டத்துக் கணக்கு. வசதி குறைந்த மாவட்டம் என்று பதுளைக்கு வெட்டுப்புள்ளி குறைவு. யாழ்ப்பாணத்துக்கு அதிகம். கந்தோரில் கதிரை தேய்க்கிற மனுஷனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளி மாவட்டத்தில் இருந்து வந்து பதுளையில் களவாகப் பதிகிற பிள்ளைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலையே அவருக்குத்தான். ஊரெல்லாம் பதுளைக்குள் வரப் பின்கதவு தேட, நாங்கள் உள்ளே இருந்த பிள்ளையை முன்கதவால் வெளியே அனுப்பினோம். கேட்டால், “கோட்டாவிலை போறது எங்கடை பிள்ளைக்கு வெக்கம்,” என்பார்.

முதல் தரம் உயர்தரம் எழுதியபோது பிள்ளைகள் இருவருக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. இரண்டாம் தரம் வதனிக்கு இரண்டு ஏ, ஒரு பி. யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி மயிரிழையில் தப்பிப் போனது. அதே புள்ளி பதுளையில் என்றால் கிடைத்து மிச்சமும் இருந்திருக்கும். நிலுக்ஷியின் புள்ளி வதனியை விடக் குறைவு. அவள் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டாள்.

வதனிக்குக் கிடைத்தது யாழ்ப்பாணத்தில் தாதியர் பட்டப்படிப்பு. இல்லையென்றால் மூன்றாம் தரம் எழுதலாம். “இனி அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது,” என்றாள் பிள்ளை. பதுளைக்குத் திரும்பி வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் இவர் மூன்றாவது வழியைக் கொண்டுவந்தார். கொழும்புப் பக்கம் புதிதாக ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. முழுக் கட்டணம், ஒரு சதம் குறைக்க மாட்டார்கள். எங்கள் இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் ஒரு மூலைக்குக் காணாது. விற்பதற்கு இருந்தது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் என்னுடைய சீதன வீடு ஒன்றுதான். கனடாவில் இருக்கிற ஒருவர் வாங்கக் காத்திருந்தார். ஆனால் வீடு என் பெயரில். நான் கையெழுத்து வைக்காமல் கூரை ஓடு ஒன்றைக்கூடக் கழற்ற முடியாது.

இதே மனுஷன்தான் முன்பு, காசுக்கு டொக்டர் பட்டம் விற்கக் கூடாதென்று நாடெல்லாம் ஊர்வலம் போனபோது பதுளை பஸ் ஸ்டாண்டடியில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றவர். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

அந்தக் கல்லூரிக்காரர் பதுளையில் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். மூன்று பேரும் போனோம். டை கட்டிய ஒருவர் திரையில் படங்கள் காட்டினார். பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று இவர் கேட்டார். “அது நடந்துகொண்டிருக்கிறது, சேர்.” பிள்ளைகள் நோயாளியைப் பார்த்துப் பழக ஆஸ்பத்திரி? “அதுவும் பேசிக்கொண்டிருக்கிறோம், சேர்.” பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

வதனி எழும்பி, “சேர எத்தனை புள்ளி வேணும்?” என்று கேட்டாள்.

“மூன்று பாடமும் சித்தியடைந்தால் சரி, மகள். மூன்று எஸ் என்றாலும் பரவாயில்லை.”

முன்வரிசையில் ஒரு பெடியன் பெரிதாக மூச்சு விட்டான். அவனுடைய தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வதனி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அப்ப என்ரை ரெண்டு ஏயையும் எங்கை கொண்டுபோய் வைக்கிறது, அம்மா?”

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். “எனக்கு உது வேண்டாம். நான் நேர்ஸிங் போறன். கோண்டாவில் வீட்டிலை நிண்டே கம்பசுக்குப் போகலாம். வீடும் இருக்கும், நானும் ஒரு வேலைக்கு வந்திடுவன்.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது. கொஞ்சினேன். தோல்வியை விழுங்கிவிட்டு நிமிர்ந்து நிற்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

இவர் எங்கள் இருவரோடும் கதைப்பதை விட்டுவிட்டார். பிறகு வாய் திறந்தபோது, “மகள் நேர்ஸ் எண்டு எந்த முகத்தோடை ஊரிலை சொல்லுறது?” என்றார்.

“இருக்கிற முகத்தோடை சொல்லுங்கோ,” என்றேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து அந்தோனிமுத்துவும் நிலுக்ஷியும் வந்தார்கள். கையில் பேக்கரி கேக் பெட்டி. நிலுக்ஷி “டீச்சர்” என்று ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்கு நான் உயர்தரம் முழுவதும் படிப்பித்தேன். சந்தேகம் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்த பிள்ளை. சந்தோஷம் வந்தது, அதைக் காட்டிக்கொள்ள இடமில்லாமலும் இருந்தது. பக்கத்தில் வதனி நின்றாள்.

அந்தோனிமுத்து இந்த முறையும் உட்காரவில்லை. இவருக்கு முன்னால் போய் நின்றார்.

“எல்லாம் ஐயா வாக்குங்க. அன்னைக்கு ஐயா மட்டும் பதுளை போதும்னு சொல்லலைன்னா, கடன ஒடன வாங்கியாவது புள்ளைய அனுப்பியிருப்பேன். இன்னைக்கு டாக்டருக்குக் கெடச்சிருக்காது. தோட்டத்து லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஐயா சொன்னா அது சத்தியம்னு.”

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு துளியும் இல்லை. கண் கலங்கி நின்றார். குத்திக் காட்டியிருந்தால் என் கணவருக்கு அது எவ்வளவோ பரவாயில்லையாக இருந்திருக்கும். “ம்,” என்று மட்டும் சொல்லிக் கேக் பெட்டியை வாங்கினார்.

“இன்னொன்னுங்க டீச்சரம்மா,” என்று அந்தோனிமுத்து என் பக்கம் திரும்பினார். “புள்ளைக்கு யாழ்ப்பாணம் கம்பஸ்தான் கெடச்சிருக்கு. அங்கிட்டு நமக்கு யாரையும் தெரியாது. ஒங்க வீடு சும்மா இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒரு ரூம் குடுத்தீங்கன்னா வாடகை ஒழுங்கா தந்துடுவேன்.”

நிலுக்ஷி வதனியின் தோளில் கை போட்டாள். “நீயும் அங்கதானடி வர்ற? ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம், பழைய மாதிரி.”

வதனி சிரித்தாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வரவேயில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அடுப்பு மூட்டாமல் நின்றாள்.

“அம்மா, வீட்டை வில்லுங்கோ.”

“இவ்வளவு நாளும் வேண்டாமெண்டாய்.”

“தோட்டத்துப் பிள்ளை ஸ்டெதஸ்கோப்போடை வார்டுக்கு வர, நான் பெட்பான் தூக்கிக்கொண்டு நிக்கிறதோ? அதுவும் எங்கடை வீட்டிலை இருந்து வெளிக்கிட்டு வருவாள்.”

என் கை அறைய எழும்பியது. பேப்பரில் இருந்து தலை நிமிர்த்தாமல் பேசிய அதே குரல். இத்தனை வருஷம் தகப்பனுக்குத் தூரத்தில் வளர்ந்தவள், தகப்பனைத்தான் கொண்டு வந்திருக்கிறாள்.

“அவள் உன்ரை சிநேகிதி, வதனி. என்ரை பிள்ளை மாதிரி. நான் படிப்பிச்ச பிள்ளை.”

“ஓம்,” என்றாள். குரல் உயரவில்லை. “அவளுக்குப் படிப்பிச்சியள். என்னை அனுப்பிப்போட்டியள்.”

தூக்கிய கை விழுந்துவிட்டது. நான் அனுப்பவில்லை, உன் அப்பா அனுப்பினார், நான் சண்டை போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? பெட்டி அடுக்கிக் கொடுத்தது நான்தானே.

அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போய் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கையெழுத்து வைத்தேன். அம்மா எனக்குத் தந்த வீடு, நான் வதனிக்குக் கொடுக்க இருந்த வீடு. இவர் பக்கத்தில் இருந்து, எங்கெங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிக்காரர் காசு கட்டிய அன்றே வதனிக்கு வெள்ளைக் கோட் அனுப்பிவிட்டார்கள். வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டால், அறிவிப்போம் என்கிறார்கள். அங்கீகாரம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் அந்தோனிமுத்து போன் எடுத்தார். அந்த ரூம் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டார். வீடு விற்றாகிவிட்டது என்றேன்.

“பரவாயில்லீங்கம்மா, போர்டிங் ஏதாச்சும் பாத்துக்குறோம். வதனி பாப்பாவும் டாக்டருக்குத்தான் போவுதாமே? டவுன்ல ஐயாவப் பாத்தப்ப சொன்னாரு. ரொம்ப சந்தோசம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாவே டாக்டராயிருவாங்க.”

“ஓம்,” என்றேன்.

“அப்புறம் டீச்சரம்மா, சின்னவன் றுஷாந்தன் இப்ப ஒம்பதாவது. கொழும்புல நல்ல ஸ்கூல் இருக்கு, அனுப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. ஐயா வாக்கு நமக்குப் பலிக்குது. ஒரு வார்த்த கேட்டுச் சொல்றீங்களா?”

இவர் ஹோலில் தன் போனில் யாழ்ப்பாணத்துத் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தார். “ஓமோம், மெடிசின்தான். கொழும்பிலை,” என்று சத்தமாகச் சொன்னார். வதனியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, போய்க் கேட்டு வருகிற அளவு நேரம் நின்றேன். அவரிடம் போகவில்லை.

“கேட்டனான், அந்தோனிமுத்து,” என்றேன். “பதுளை போதும் எண்டு ஐயா சொல்லுறார்.”

“அப்ப சரிங்கம்மா. ஐயாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடுங்க.”

நான் சொல்லவில்லை.