மத்தியானக் கலவை

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கண்ணாடியின் மகள் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினேன். வியாழன் பத்து மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டாள். பேச வராததை எழுதிப் பார்க்கிறேன். ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், திருத்திப் படியுங்கள்.

கண்ணாடி என்றால் எங்கள் இன்ஜினியர். மூக்கில் நிற்காத கண்ணாடி. அதனால் அந்தப் பெயர். நான் அவரிடம் மேஸ்திரி.

2

முதல் தொடக்கம்: ‘அது ஓர் அழகான காலம், அப்போதெல்லாம்...’

(அடித்துவிட்டேன். வெயிலில் சிமெண்டு தின்றவனுக்கு என்ன அழகு?)

இரண்டாவது: ‘நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடம் கட்டினோம்.’ இது போதும்.

கண்ணாடி கணக்கை முடித்த பிறகு தூணுக்குக் கம்பியைக் கொஞ்சம் கூட்டுவார்.

“எதுக்கு சார் இது?”

“தெரியாததுக்கு.”

“என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?”

“உன் மேல மட்டுமா? சிமெண்டு மேல, மண்ணு மேல, என் கணக்கு மேல, எதுலயும் இல்ல.”

“உங்க வீட்டம்மா போடற டீ?”

“அதுல சுத்தமா இல்ல!”

சிரித்தால் கண்ணாடி நழுவும். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். இப்போதும் டீ டம்ளரைத் தூக்கினால் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

(சரி, அழகான காலம்தான். அடித்ததை அப்படியே விடுகிறேன்.)

3

தூணில் ஊற்றுகிற காங்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் நிரப்புவோம். இருபத்தெட்டு நாள் கழித்து அந்தக் கட்டையை நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டை தாங்கினால் தூணும் தாங்கும் என்று நம்பிக்கை. காலையில் பாதி, மத்தியானம் பாதி எடுக்க வேண்டும். நான் எல்லா அச்சையும் காலையிலேயே நிரப்பி ஓரமாக வைத்துவிடுவேன். காலில் இடறாமல் இருக்குமே.

பள்ளிக்கூடத் தூண் ஊற்றிய ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கலவை மிக்சர் நின்றுபோனது. கையால் கலந்தோம். கலவை இறுகிக்கொண்டே வந்தது. தண்ணீர் கூடினால் பலம் குறையும், ஆனாலும் விடச் சொன்னேன். எவ்வளவு என்றால்

(இங்கே ஓர் எண் எழுதினேன். பொய். எடுத்துவிட்டேன்.)

சாயங்காலம் கண்ணாடி கேட்டார்: “மத்தியானக் கலவையிலயும் எடுத்தியா?”

“எடுத்தேன் சார்.”

கட்டைகள் தாங்கின. கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது. அவர்தான் இல்லை.

4

மகளும் இன்ஜினியர். அந்தப் பள்ளிக்கூடத்து மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறார்களாம். அப்பாவின் பழைய ஃபைலோடு வந்திருந்தாள்.

“மாமா, இந்தக் கட்டை ரிசல்ட்டை நம்பி நான் கணக்குப் போடலாமா?”

“நாப்பது வருஷமா நிக்குதே பாப்பா, அப்புறம் என்ன?”

“தொட்டி இன்னும் ஏறலையே மாமா.”

அப்படியே அப்பன் வாய்.

5

முடிவு ஒன்று: ஃபைலின் ஓரத்தில் கண்ணாடி பென்சிலில் எழுதியிருக்கிறார், ‘மேஸ்திரி காலையிலேயே நிரப்பிவிடுவான். அதற்கும் சேர்த்துக் கம்பி கூட்டியாயிற்று.’ நானே கட்டிய கதை. எனக்குச் சாதகமாக வருகிற எதையும் நான் நம்புவதில்லை.

முடிவு இரண்டு: “நம்பிப் போடு பாப்பா” என்கிறேன். தொட்டி நிரம்புகிறது. கீழே வகுப்பில் பிள்ளைகள்

(இதை எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: தண்ணீர்க் கலவை போன தூணைக் காட்டிக்கொடுக்கிறேன். நேற்று எழுதியதில் வராந்தாவின் நாலாவது தூண். இன்று காலை எழுதியதில் ஐந்தும் ஆறும். இரண்டையும் சத்தியம் செய்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

6

வேலை பார்த்த காலம் முழுக்க எந்த இன்ஜினியரிடமும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பேன். இப்போது காகிதத்தில் மூன்று தரம் எழுதிப் பழகியிருக்கிறேன்.

“மத்தியானம் கட்டை எடுக்கல பாப்பா. உங்கப்பாகிட்ட எடுத்தேன்னு சொன்னேன். எந்தத் தூணுன்னு எனக்குத் தெரியாது.”

இவ்வளவுதான் மனப்பாடம். தொட்டி ஏறுமா, அவள் என்னை மறுபடி மாமா என்று கூப்பிடுவாளா, அதெல்லாம் அவள் கணக்கு. மணி பத்து. கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தெரியாததுக்குக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.