கட்டிலின் அந்தப் பக்கம்

பட்டறையில் அவருக்கு ‘மில்லி’ என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் யாரோ வைத்த பெயர். கேட்டால் முறைப்பார், உள்ளுக்குள் பெருமைதான். இருபத்தாறு வருடமாக அலமாரி, மேஜை, கட்டில் என்று மரத்தோடு மல்லுக்கட்டியவர். சட்டைப்பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

அவருடைய மனைவிக்கு எக்ஸ்ரே நிலையம் ஒன்றில் வேலை. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, உட்கார வைத்து, படம் வந்ததும் உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் ஒருநாள் வரைகிற நோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“எதுக்கு இதெல்லாம்?”

“சும்மாதாங்க. நாள் முழுக்க எலும்பையே பார்த்துட்டு இருக்கேன். மேல இருக்கறதையும் கொஞ்சம் பார்ப்போமேன்னு.”

முதலில் அவள் வரைந்தது கட்டிலை. கல்யாணத்துக்கு முந்தின மாதம் அவர் தன் கையால் செய்த கட்டில். அறை வாசலில் நாற்காலியைப் போட்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வரைந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கையும் தங்கையின் கணவரும் வந்திருந்தார்கள். தங்கையிடம் மட்டும் காட்டுவதாகத்தான் அவள் நோட்டை எடுத்தாள். அது கை மாறி மாறி மில்லியிடம் வந்துவிட்டது. நல்லா இருக்கு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஸ்கேலை எடுத்தார்.

“இந்தப் பக்கம் அஞ்சரை சென்டிமீட்டர். அந்தப் பக்கம் மூணு புள்ளி நாலு. ஏம்மா, கால்மாட்டுல அஞ்சடின்னா தலைமாட்டுல மூணடியா? நான் எங்க படுக்கறது?”

“உங்களைத் தரையில படுக்கச் சொல்றாங்க சகலை, ஜாடையா!” என்றார் தங்கையின் கணவர். வீடு அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மில்லி ரப்பரை வாங்கி அவள் போட்ட கோடுகளை அழித்து, ஸ்கேல் வைத்து, நான்கு பக்கமும் அளவு தப்பாமல் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். “இதான் கட்டில்” என்றார்.

நான்கு வாரம் கழித்து, பீரோ கதவின் கீலைச் சரிசெய்ய ஸ்டூல் மேல் ஏறியபோது அந்த நோட்டு பழைய போர்வைக்கு அடியில் கிடந்தது. புரட்டினார். அவர் போட்ட கட்டிலுக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. என்னவோ சுருக்கென்றது. ஆனால் அவர் புத்தி போன திசை வேறு. பாவம், அளவு வராமல் விட்டுவிட்டாள், சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல புத்தகம் இருந்தால் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

மறுநாளே பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புத்தகக்கடைக்குப் போனார். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த கடைக்காரப் பெண் ஒரு தட்டு முழுக்கக் காட்டினாள்.

“எல்லாம் புதுசாக் கத்துக்கறவங்களுக்குத்தான். யாருக்கு சார்?”

“வீட்டுக்காரிக்கு. கை நல்ல கை. அளவுதான் வரமாட்டேங்குது.”

மரக்கடையில் பலகை தேர்ந்தெடுக்கும் நிதானத்தோடு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒரு புத்தகத்தில் முதல் கட்டத்தில் இரண்டு வட்டம், இரண்டாவதில் நான்கு கோடு, மூன்றாவதில் பிடரிமயிர் பறக்க முழுக்குதிரை. “நடுவுல உள்ள வேலையை யார் செஞ்சது?” என்று கேட்டு மூடிவைத்தார். இன்னொன்றில் படத்தின் மேல் தாளை வைத்து அப்படியே படியெடுக்கச் சொல்லியிருந்தது. அது திருட்டு என்று பட்டது. ஒன்று நூறு பக்கம் வரை ஒரு கோடு போடாமல் பேசிக்கொண்டே போனது. கடைசியில் கனமான ஒன்று கிடைத்தது. நூல் தையல் போட்டிருந்ததால் விரித்து வைத்தால் விரித்தபடி நின்றது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பெட்டி, மேஜை, அறை. இது நம்ம ஆள் எழுதியது என்று வாங்கிக்கொண்டார்.

மனைவியிடம் கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று பட்டறைக்கு எடுத்துப் போனதில்தான் வினை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேலை வைத்தார். முப்பத்தொன்றாம் பக்கத்துப் பெட்டிக்குப் பின்விளிம்பு குட்டை. அடுத்த பக்கத்து மேஜைக்குப் பின்கால் முன்காலைவிட ஒன்றேகால் சென்டிமீட்டர் கம்மி. ஓர் அறையின் தரைப்பலகைகள் எல்லாம் போகப்போகக் குறுகிக் கடைசியில் ஒரே புள்ளியில் போய் முட்டிக்கொண்டு நின்றன. சிவப்புப் பென்சிலை எடுத்தார். ‘தப்பு.’ ‘இது ஆடும்.’ ‘இதில் யார் உட்காருவது?’ மொத்தம் பதினேழு இடம்.

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். மில்லி புத்தகத்தை மேஜையில் போட்டு விரித்தார்.

“தப்புத்தப்பாப் போட்டு விக்கறீங்களே! தெரியாதவங்க இதை வச்சுக் கத்துக்கிட்டா என்ன ஆகும்? பாருங்க, பதினேழு இடம். நான் இருபத்தாறு வருஷமா மரவேலை செய்யறவன்.”

அந்தப் பெண் பதினேழையும் பொறுமையாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

“ஸ்கேல் வச்சிருக்கீங்களா சார்? இப்படி வந்து நில்லுங்க.”

புத்தகத் தட்டுகளுக்கு நடுவிலிருந்த நீளமான நடையின் முனையில் அவரை நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடி, கையை முழுசாக நீட்டி ஸ்கேலைப் பிடிக்கச் சொன்னாள். “பக்கத்துல இருக்கற தட்டு ஒண்ணை அளங்க.”

“பத்தரை.”

“அதே வரிசையில கடைசித் தட்டு?”

அவர் பார்த்தார். கையை இறக்கிவிட்டு மறுபடி நீட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே பட்டறையில் அறுத்த தட்டுகள், ஒரே உயரம். கண்ணால் பார்த்தே சத்தியம் செய்வார். “ரெண்டு புள்ளி ஆறு” என்றார்.  மேலே விளக்குகளும் கீழே தரைக்கற்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தூரத்தில் ஓடின. எந்நேரமும் அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும்.

“எனக்கும் அப்படித்தான் தெரியுது” என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், உதவியாக.

காது மடல் கொதித்தது. ஆனால் மில்லி அப்போது கடையில் இல்லை. வீட்டில் அறை வாசலில் போட்ட அந்த நாற்காலியில் இருந்தார். அஞ்சரை. மூணு புள்ளி நாலு. ஸ்கேல் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து அவள் போட்ட கோடு அது.

“கோடு போட்ட புத்தகத்தைத் திருப்பி எடுக்க முடியாது சார்” என்றாள் அந்தப் பெண், சங்கடத்தோடு. “அவங்களுக்கு வேற பார்க்கலாம். அவங்க வரைஞ்சது ஏதாவது இருக்கா? பார்த்தா எது சரியா இருக்கும்னு சொல்லிடுவேன்.”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணு இருந்துச்சு. நான் அழிச்சிட்டேன்.”

 கட்டில் கதையை அவராகவே அரைகுறையாகச் சொன்னதும், கடைக்காரப் பெண் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்துக்கு இரண்டே வரி, மிச்சமெல்லாம் வரைவதற்கான வெற்றிடம். “பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு இது போதும் சார். அந்தக் கனமான புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் வந்தார். கனமானது பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளே உருவி எடுத்தாள். சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘இது ஆடும்’ என்ற இடத்தில் களுக்கென்று சிரித்தாள். அறையும் தரைப்பலகைகளும் இருந்த பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப நான் போட்டது சரியா?”

“சரிதான்.”

“எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?”

“இன்னைக்கு. கடையில.”

அவள் ஒரு துண்டை எடுத்து இரண்டாக, நான்காக மடித்தாள். “நான் கண் டாக்டர்கிட்ட போனேங்க.”

“எதுக்கு?”

“நீங்க அளந்து காட்டினீங்கல்ல. எனக்கு இன்னும் அப்படியேதான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் சின்னதா. சரி, கண்ணுலதான் கோளாறுன்னு போனேன். பொருளெல்லாம் ஒரு பக்கம் சுருங்கித் தெரியுது டாக்டர்னு சொன்னேன். அவர் எதை எதையோ போட்டுப் பார்த்துட்டு, கண்ணு நல்லா இருக்கு, வேற ஏதாவது மனக்கவலை இருக்காம்மான்னு கேட்டார்.”

மில்லிக்கு உட்காரத் தோன்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கலாம், பக்கத்தில்தான் இருந்தது. முடியவில்லை.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே...”

“சொல்லி? அதையும் அளப்பீங்க.”

நியாயம்தான்.  “தப்புதாம்மா. பெரிய தப்பு” என்றார்.

“என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அன்னைக்கு நாலு பேர் இருந்தோம்.” போனை எடுத்து நீட்டினாள். “உங்க சகலைக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க, தங்கச்சிக்கும் கேக்கட்டும்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று அவர் வேண்டிக்கொள்ளும்போதே எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க சகலை! என்ன அதிசயமா?”

“ஒண்ணுமில்ல... அன்னைக்கு அந்தக் கட்டில் படம். அவ வரைஞ்சதுதான் சரி. நான்தான் தப்பு.”

 “எந்தப் படம் சகலை?” என்று கேட்டார். நிஜமாகவே அவருக்கு ஞாபகமில்லை.

மில்லி மனைவியைப் பார்த்தார். அவள் துணிகளை ஒதுக்கிவிட்டுக் காலை மடக்கி வாகாக உட்கார்ந்துகொண்டாள். அவர் ஸ்கேலை எடுத்ததிலிருந்து ஆரம்பித்தார். “அதுக்கு முன்னாடி” என்றாள் அவள். “நான் ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து வரைஞ்சதிலேர்ந்து.”