கூடைப்பந்துக்கு ஒரு கலியாண வீடியோ

ஜெர்மனியில் ஆஹெனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு நகரத்தின் கூடைப்பந்து அணி, தோற்றுத் தோற்றே பெயர் வாங்கியிருந்தது. தோற்பது கூடப் பரவாயில்லை, அதைப் பார்க்கத்தான் நாதியில்லை. ஊர்க் கேபிள் சேனல் ஒவ்வொரு ஆட்டத்தையும் நேரடியாக ஒளிபரப்பும். இடைவேளையில் ஒரு கேள்வி கேட்டு, முதலில் தொலைபேசியில் பதில் சொல்பவருக்கு ஒரு காப்பி மெஷின் கொடுக்கும். ஒரு காலத்தில் லைன் கிடைக்கவில்லை என்று சனம் சண்டை பிடித்ததாம். 2004ஆம் ஆண்டில் அழைத்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள், அதுவும் அணித்தலைவரின் தாயார். பாவம், அந்த அம்மா வீட்டில் காப்பி மெஷின்கள் வரிசை கட்டி நின்றன.

சேனலின் விளையாட்டுப் பொறுப்பாளர் போல்மனுக்கு மேலிடம் கெடு வைத்தது. பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கும் பார்க்கிறவர்கள் திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் நிகழ்ச்சிக்கு மூடுவிழா. இதைக் கேள்விப்பட்டதும் கமராக்காரர் வேறு வேலை தேடிக் கழன்றுகொண்டார். அப்போதுதான் போல்மனுக்கு, தான் விருந்தாளியாகப் போயிருந்த தமிழ்க் கலியாணம் ஒன்றில் காலை முதல் மாலை வரை உட்காராமல் கமராவும் தோளுமாக நின்ற ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

அந்த மனிதர் நடேசன். கிழமை நாட்களில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். சனி ஞாயிறுகளில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடுப்பார். மனைவி வத்சலா வயரையும் லைற்றையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். உண்மையான தொலைக்காட்சியில் கமரா பிடிக்கவேண்டும் என்பது நடேசனின் இளவயது ஆசை. இரண்டு ஆட்டங்களும் நன்றாகப் போனால் அடுத்த பருவத்திலிருந்து நிரந்தர வேலை என்று போல்மன் சொன்னார்.

வத்சலா அன்று மாலைக்குள் கனடாவரை போன் அடித்துவிட்டாள்.

"ஓம் அக்கா, இவர் இப்ப ஜெர்மன் ரீவியிலை. இனிக் கலியாண வீட்டுக்கெல்லாம் வர ஏலாது, கேக்காதேங்கோ!"

முதல் ஆட்டத்துக்கு நடேசன் கோட்டு சூட்டோடு வந்தார். கூடைப்பந்தைப் பற்றி அவருக்கு எள்ளளவும் தெரியாது. ஆனால் தொழில் தெரியும். வாசல் பெயர்ப்பலகையில் தொடங்கினார். பிறகு பந்தை நிலத்தில் வைக்கச் சொல்லி, கும்பத்தை எடுப்பதுபோல அதை மெதுவாகச் சுற்றிவந்தார். நடுவர் விசிலோடு காத்து நின்றார். அப்புறம் நடேசன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார். வந்தவர்களில் ஒரு முகம் தவறினாலும் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் முகம் கொடுக்காது. இது கலியாண வீடியோவின் பாலபாடம். ஆகவே வரிசை வரிசையாக, ஆள் ஆளாக எடுத்தார். சிரிக்காதவர்களைச் சிரிக்கும்வரை விடவில்லை.

வெளியே ஒளிபரப்பு வண்டிக்குள் இருந்த போல்மன் காதுக்கருவியில் கத்தினார். "பந்து, நடேசன்! பந்து எங்கே?"

"பொறுங்கள், இன்னும் இடது பக்கம் முடியவில்லை" என்றார் நடேசன்.

ஜெர்மன்காரர்கள் முதலில் நெளிந்தார்கள். பிறகு ஒருவர் கையாட்டினார். பிறகு ஒவ்வொருவராகச் செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்கள். "ரீவியைப் போடு, அதிலை நான் வாறன்!" என்று நம்மாட்கள் சொல்வதைத்தான் அவர்கள் ஜெர்மனில் சொன்னார்கள். இடைவேளையில் நடேசன் இரண்டு அணிகளையும் உயர வரிசைப்படி நிறுத்தி, பயிற்சியாளர்களை நடுவில் இருத்திக் குடும்பப் படம் எடுத்தார். எதிரணிக்காரர்கள் தலை சீவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கடைசி விநாடியில் தாவோர் என்கிற குரோஷியப் பையன் மைதானத்தின் நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அந்தப் பருவத்தின் முதல் வெற்றி! நடேசனின் கமராவோ அந்த நேரம், சாப்பாட்டு மேசையில் சொசேஜைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரின் வாயில் இருந்தது. பந்தி எடுக்காமல் என்ன வீடியோ?

போல்மன் காதுக்குள் அழுதார். நடேசன் பதறவில்லை. மாலை மாற்றுவது சரியாக விழாவிட்டால் மாப்பிள்ளையையே திரும்ப மாற்றச் சொல்கிறவர் அவர். நேரே தாவோரிடம் போய், "நொக் மால்" என்றார். இன்னொருக்கா எறியட்டாம்.

தாவோரும் எறிந்தான். விழவில்லை. இன்னொருக்கா. அதுவும் இல்லை. ஒரு சனமும் வீட்டுக்குப் போகவில்லை, ஒவ்வொரு எறிக்கும் மண்டபமே எழுந்து எழுந்து உட்கார்ந்தது. கடைசியில் தாவோரின் கை சோர்ந்ததுதான் மிச்சம். ஆனால் சேனலின் தொலைபேசி லைன்கள் எல்லாம் அடைத்துப்போயின. அந்தச் சொசேஜ் கிழவரின் வாயை இன்னொருமுறை காட்டுவீர்களா என்று கேட்டவர்கள்தான் அதிகம். போல்மன் வண்டியிலிருந்து ஓடிவந்து நடேசனைக் கட்டிப்பிடித்தார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மண்டபம் கொள்ளவில்லை. கோட்டு சூட்டு, முத்துமாலை, புதுத் தலையலங்காரம், கைக்குழந்தை, நாய் என்று ஊரே திரண்டு வந்து முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. நடேசனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. வேலை கையில் கிடைத்த மாதிரித்தான்.

இடைவேளையில் போல்மனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நடேசன், ஒரு அழைப்பும் இல்லை. அணித்தலைவரின் தாயார் கூட அழைக்கவில்லை."

நடேசன் கமராவைத் திருப்பினார். தாயார் முன்வரிசையில் உதட்டுச் சாயத்தோடு கையாட்டினார். அப்போதுதான் நடேசனுக்கு விளங்கியது. ஊர் முழுக்க இங்கே இருந்தால் வீட்டில் இருந்து பார்ப்பது யார்? வத்சலாவாவது பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அங்கே கூறைச்சேலையும் பூவுமாக வத்சலா இருந்தாள்.

"முடிந்தது, நடேசன்" என்றார் போல்மன். "மேலிடம் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. கமராவை இறக்குங்கள்."

நடேசன் இறக்கினார். நேரே வத்சலாவிடம் போனார்.

"நீரும் இஞ்சை வந்தா வீட்டிலை ஆரப்பா பாக்கிறது? எல்லாம் போச்சு. வேலையும் போச்சு."

வத்சலா மெல்லச் சொன்னாள். "ஊர்ச் சனத்தின்ரை முகமெல்லாம் எடுத்தியள். நாயைக்கூட விடேல்லை. பின்னாலை வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவளை ஒருக்காலாவது எடுத்தியளோ? அதுக்குத்தான் வந்தனான்."

நடேசன் யோசித்துப் பார்த்தார். வீட்டு அலுமாரி நிறைந்த கசெட்டுகள். ஒன்றிலும் வத்சலா இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதைவிட இது வலித்தது.

கமராவைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"இனி எடுத்தாலும் ரீவியிலை வராதப்பா" என்றாள் வத்சலா.

"எனக்குத் தெரியுதுதானே. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும். சிரியும்... நொக் மால்."

வத்சலா பூவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். பின்னால் ஆட்டம் மறுபடி தொடங்கி, நடந்து, கடைசியில் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஓர் ஆரவாரம் எழுந்தது. யார் வென்றார்கள் என்று நடேசனுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.