கேட்காமல் அடித்த சிவப்பு

வெண்மதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சிதம்பரம் கல்யாண மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் கித்தார் பெட்டியைத் திறந்தவளின் குரல் அடியோடு இறங்கியது.

"மாமா, என்ன இது?"

கச்சேரிக் குழுவை நடத்தும் புருஷன் செம்பியன் பல் தெரியச் சிரித்தான். "சர்ப்ரைஸ்! புதுக் காரு மாதிரி மின்னுது பாரு."

ரத்தச் சிவப்பாய்க் கிடந்தது கித்தார். போன வாரம், "ஒயர் லூசா இருக்கு, சரி பண்ணிக் கொண்டாறேன்" என்று எடுத்துப் போனவன் அவன்தான்.

அறுபதுகளில் ஜப்பானில் டெய்ஸ்கோ கம்பெனி செய்த எலக்ட்ரிக் கித்தார் அது. 2004இல், கல்யாணத்துக்கு முன்னால், புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரியின் வீட்டுச் சாமான்களுக்கு நடுவே கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தாள். நடுவில் மஞ்சளாகி ஓரத்தில் கருக்கும் பாலிஷ். கம்பியின் அதிர்வைப் பிடிக்க, தங்க நிறத் தகடு போர்த்திய நாலு பிக்கப். வெளிநாட்டுக்காரர்கள் இதைத் தேடி அலைகிறார்கள் என்று பின்னாளில் பிரவுசிங் சென்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அது பெரிதில்லை. மீட்டினால் தொண்டை கட்டியவள் பாடுவதுபோல ஒரு கரகரப்பு வரும். அதற்காகத்தான் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை முடித்து வந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

இப்போது மீட்டிப் பார்த்தாள். கடையில் தொங்கும் எந்தக் கித்தாரும் போடுகிற சத்தம்.

"பிக்கப் எங்க?"

"பழசு, இரையுது. புதுசு மாட்டச் சொன்னேன். உனக்காகத்தான செஞ்சேன்!"

"யாரக் கேட்டு செஞ்ச?"

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. தபேலாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் உன் புருஷன்டி!"

"எனக்குத்தான். கித்தாருக்கு இல்ல. எவன்கிட்ட குடுத்த?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம், கொளஞ்சி பட்டறை. ஏய், கச்சேரி நேரத்துல எங்க போற?"

கித்தாரோடு ஆட்டோ ஏறினாள்.

கொளஞ்சி கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். "சார்தான் பழசெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாருக்கா," என்று மிரண்டான். அவள் பதில் பேசாமல், பட்டுப் புடவையோடு, குப்பை டிரம்மைத் தரையில் கவிழ்த்தாள். துரு, உப்புத்தாள், கிரீஸ் துணி. கிளறக் கிளற மூன்று பிக்கப் கிடைத்தன. நாலாவதை எவனோ செம்புக் கம்பிக்காகப் பிரித்துப் போட்டிருந்தான். அந்த வெற்றுத் தகட்டைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையிலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பெயிண்ட உரிச்சுத் தரட்டுமாக்கா?"

"உள்ள என்ன இருக்கு?"

அவன் தயங்கினான். "வெறும் மரம். பாலிஷ தேச்சு எடுத்துட்டுத்தான் அடிச்சேன்."

மண்டபத்துக்குத் திரும்பாமல், வீட்டுக்குப் போகக் கடலூர் பஸ் ஏறினாள்.

செம்பியன் மறுநாள் மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரமும் கேட்டான். பிறகு அவனுக்கே எரிச்சல் வந்தது.

"ஒரு பெயிண்டுக்கு எத்தன தடவதான் மன்னிப்பு கேக்கறது?"

"மன்னிப்பு தெனம் கேக்கற. எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஒயருன்னு பொய் வேற சொன்ன."



மூன்று பிக்கப்பையும் அவளே ஒயரை ஈயத்தால் பற்றவைத்து மாட்டினாள். நாலாவதன் பள்ளத்தை மூடவில்லை. கரகரப்பு திரும்பியது, முழுசாக இல்லை. அவன் குழுவை விட்டு, நெல்லிக்குப்பத்தில் பட்டம்மாள் நடத்தும் இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள்.

மேல்பட்டாம்பாக்கம் திருவிழாவில் முதல் கச்சேரி. கூட்டத்தில் செம்பியன் நிற்பதைப் பார்த்தாள். சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு வாசித்தாள். ஸ்பீக்கர் பக்கம் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் பொத்தவில்லை.

முடிந்ததும் வந்து பெட்டிக்குக் கை நீட்டினான். "குடு வெண்மதி, நான் தூக்கிட்டு வரேன்."

"வேணாம்."

வேனில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பைக்கை எடுத்து, கடலூர் வரைக்கும் வேன் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.