எழுதப்படாத கைது

பெரம்பலூரில் மறியலுக்குப் போகிறவர்களுக்குக் கைதாவது ஏறக்குறைய பழகிப்போன காரியம். பதினொரு மணிக்குச் சாலையில் உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குள் வேனில் ஏற்றுவார்கள். காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபம் ஒன்றில் அடைத்து, தக்காளிச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, பெயர் எழுதிக்கொண்டு ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அன்று தடியடி நடந்தது; முன்வரிசை ஆண்களை வேறு வேனில் எங்கோ கொண்டுபோனார்கள். பெண்களுக்கு மண்டபமும் பொட்டலமும் கிடைத்தன. பெயரை மட்டும் யாரும் எழுதவில்லை.

அதை முதலில் கவனித்தவள் லப்பைக்குடிக்காட்டு அஸ்ரின். தேர்தலன்று தன் ஊர் வாக்குச்சாவடியில் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்திருந்தவள் அவள். வாக்குப்பதிவு முடிந்ததும் அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தில் பதிவான வாக்குகள் எழுநூற்று நாற்பத்து மூன்று என்றிருந்தது. எண்ணி முடித்து வெளியிட்ட பட்டியலில் அதே சாவடிக்கு ஆயிரத்துப் பதினாறு. நாடெங்கும் இத்தகைய படிவங்கள் வெளிவந்தன; கேட்டவர்கள் அடிபட்டார்கள்; இணையம் நின்று மூன்று நாளாயிற்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, 'பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்று அரசுத் தரப்பில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்றைய மறியல் அதை எதிர்த்துத்தான்.

"ஆட்சேபம் இருந்துச்சுன்னு அவங்க கையாலயே எழுதின தாள் ஒண்ணு கெடைச்சா போதும்மா. திங்கக்கிழமை கோர்ட்டுல வெச்சுடுவேன்" என்று வேட்பாளரின் வக்கீல் சொல்லியிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு மண்டபத்து வாசலில் மினி லாரி ஒன்று வாழை மரங்களோடு வந்து நின்றது. மறுநாள் அங்கே கல்யாணம். பெண்ணின் தகப்பனார் மாயவன் இறங்கிய வேகத்திலேயே சத்தம் போட்டார்.

"ஏழு மணிக்குப் பொண்ணழைப்புங்க! மாப்ள வூட்டுக்காரங்க செந்துறைலேர்ந்து கெளம்பிட்டாங்க. இங்க என்னடான்னா போலீசு உக்காந்திருக்கு!"

உதவி ஆய்வாளர் சத்யப்பிரியா கைதட்டினாள். "எல்லாரும் எழுந்திரிங்க. கேஸ் கீஸ் ஒண்ணும் கெடையாது. வூட்டுக்குப் போங்க."

முப்பது பெண்களில் பாதிக்கு மேல் எழுந்து நடந்தார்கள். அஸ்ரினும் எழுந்துவிட்டாள். நிக்காஹ் முடிந்து இரண்டு வருஷம். அதில் நசீரோடு இருந்தது நாற்பத்தொரு நாள். ஷார்ஜாவில் அவன் ஓர் அறை பிடித்து, சன்னலுக்குத் திரையும் வாங்கி மாட்டியிருந்தான். விசாவுக்கு இன்னும் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இவள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ். அது இந்த வாரம் வந்தாக வேண்டும். வாசல் பத்தடி தூரத்தில் திறந்து கிடந்தது.

அவள் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பேரு எழுதுங்க மேடம்."

"என்னது?"

"கைது பண்ணீங்கள்ல? எழுதிக் குடுங்க. எழுதாம விட்டா நாங்க வரவே இல்லன்னு ஆயிடும்."

பக்கத்தில் விக்கிரமங்கலத்து அம்சவள்ளி, வீங்கிய முழங்கையை மடியில் வைத்தபடி சிரித்தாள். "அடிக்கும்போது ஆளா இருந்தமே மேடம், எழுதும்போது ஆவியாப் போயிட்டமா?"

போகாமல் நின்ற ஒன்பது பேர் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள்.

சத்யப்பிரியா அஸ்ரினருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "நீதான சான்றிதழுக்கு மனு போட்ட பொண்ணு? வழக்கு இல்லேன்னு நானே எழுதி வெச்சிருக்கேன். உம் பொழப்ப நீயே கெடுத்துக்காத."

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

"தெரியும் மேடம். மொதப் பேரா என் பேரையே எழுதுங்க."

மாவட்டத்தில் இன்று ஒரு கைதும் இல்லை என்று காட்ட மேலிடத்து உத்தரவு. தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்த சத்யப்பிரியா, பெண் காவலர்களிடம் கண்ணைக் காட்டினாள். இருவர் அம்சவள்ளியைத் தூக்கினார்கள். அடிபட்ட கை அகப்பட்டுக்கொள்ள, அவள் அலறிய அலறலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டார்கள்.

"நிறுத்துங்க!" மாயவன் நடுவில் வந்து நின்றார். "பொம்பளைய அடிச்சு இழுத்த எடத்துலயா எம்பொண்ணு மாலை மாத்தணும்? எழுதித்தான் தொலைங்களேன்!"

அவருக்குப் பின்னால் கல்யாணத்துக்கு வந்த பெண்கள் சீர்த்தட்டுகளோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்யப்பிரியா அவர்களைப் பார்த்தாள். பிறகு கைது மெமோ புத்தகத்தை எடுத்தாள்.

"காரணம்… வதந்தியை நம்பிக் கூடியது."

"வதந்தி இல்ல மேடம். 'சாவடிவாரியாகப் பதிவான வாக்குகளை வெளியிடக் கோரியது.' அப்படி எழுதுங்க."

"எழுதினா ராத்திரியே மாஜிஸ்திரேட் முன்னாடி நிக்கணும். அப்புறம் என் கையில இல்ல."

"நிக்கிறோம்."

பேனா ஓடியது. உள்ளூர் ஆள் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும் என்றபோது எல்லாரும் மாயவனைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்குங்க? நல்ல நாளும் அதுவுமா…"

சொல்லிக்கொண்டே தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "எத்தனை ஓட்டும்மா கூடுச்சு?"

"எரநூத்து எழுவத்து மூணு."

"எங்க பூத்துல யாரும் கேக்கல" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பதினோரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். அஸ்ரினின் நகலை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "வக்கீல் ஆபீசு பஸ் ஸ்டாண்டு பக்கந்தான? எந்தம்பி கையில குடுத்தனுப்புறேன்."

வேனில் ஏறியதும் அஸ்ரின் ஷார்ஜாவுக்குப் பேசினாள்.

"மச்சான், சான்றிதழ் வராது."

"விட்டுட்டாங்கன்னுல்ல அம்மா சொன்னாங்க?"

"விட்டாங்க. நாந்தான் போகல."

 அந்தப் பக்கம் வாகன இரைச்சல் கேட்டது. அவள் அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.

"எழுதினாங்களா?" என்று கடைசியில் நசீர் கேட்டான்.

"எழுதினாங்க மச்சான். நான் சொன்னபடியே எழுதினாங்க."